வழக்கு தொடுத்தவரே தீர்ப்பும் சொல்லலாமா?

2018 தொடக்கத்தில், ஆஸ்திரேலிய இசைக்கலைஞர் ஒருவரின் யூடியூப் காணொளிமீது ஐந்து பதிப்புரிமைக் கோரல்கள் எழுந்த செய்தி வெளியானது. அதில் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. பத்து மணி நேரமும் அவரே கணினியில் உருவாக்கிய வெறும் இரைச்சல்!

யூடியூபின் 'கண்டென்ட் ஐடி' தானியங்கி முறை, நாம் பதிவேற்றும் காணொளியை உரிமையாளர்கள் கொடுத்துவைத்த கோப்புகளுடன் ஒப்பிடுகிறது. இயந்திரம் தவறுவதில் வியப்பில்லை. என்னை உறுத்துவது அடுத்த கட்டம்தான். கோரலை நாம் மறுத்தால், அந்த மறுப்பு போவது கோரியவரிடமே. பதில் சொல்ல அவருக்கு 30 நாள் அவகாசம். அவர் நிராகரித்தால் மேல்முறையீடு செய்யலாம். அதைப் பார்ப்பவரும் அவரே! அப்போதும் அவர் விடாமல் காணொளியை நீக்கக் கோரினால், நம் ஒளிவழிக்கு ஒரு 'ஸ்டிரைக்'. 90 நாள்களில் மூன்று விழுந்தால் ஒளிவழியே பறிபோகலாம். பள்ளித் திட்டப்பணிக்காகக் காணொளி செய்யும் மாணவர் என்ன செய்வார்? "எதற்கு வம்பு?" என்று விட்டுவிடுவார்.

யூடியூபின் அறிக்கைப்படி, 2021 முதல் பாதியில் 722 மில்லியனுக்கும் அதிகமான கோரல்கள். மறுக்கப்பட்டவை ஏறக்குறைய அரை விழுக்காடு. ஆனால், அவற்றில் 60 விழுக்காடு பதிவேற்றியவருக்குச் சாதகமாக முடிந்தன. அந்த அரை விழுக்காட்டில் எனக்குத் தெரிவது துல்லியம் மட்டுமல்ல, தயக்கமும்தான்.

திருட்டுப் படங்களைத் தடுக்க இயந்திரம் தேவை, மறுக்கவில்லை. ஆனால், விமர்சனத்துக்காகச் சிறு பகுதியைப் பயன்படுத்த மலேசிய, சிங்கப்பூர்ச் சட்டங்கள் இடம் தருவது அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 நெறியாணை, இத்தகைய முறையீடுகளில் காணொளியை முடக்கும் முடிவை மனிதர் மறுஆய்வு செய்யவேண்டும் என்கிறது. நான் இன்னும் ஒரு படி மேலே கேட்பேன்: மேல்முறையீட்டை இரு தரப்பையும் சாராத ஒருவர் விசாரிக்கட்டும், தோற்ற உரிமையாளர் அதற்கான செலவை ஏற்கட்டும்.