சலுகைச் சீட்டும் உரிமைச் சீட்டும்

சித்திரை விடுமுறை வந்ததும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பஸ் வண்டிகளும் வான்களும் நுவரெலியாவை நோக்கிப் புறப்படுவது வழக்கமாகிவிட்டது. காலபோக நெல்லை அறுத்து விற்ற கமக்காரரும், நீதிமன்ற விடுமுறையிலிருக்கும் சட்டத்தரணிகளும், ஆசிரியர்களும் வைத்தியர்களும் தத்தம் குடும்பத்துடன் மலையேறுகின்றனர். சுடும் வெயிலிலே கிணற்று நீரை இறைத்துப் பயிர் வளர்க்கும் நாட்டிலிருந்து செல்வோருக்கு, இறைப்பாரின்றியே மலையிலிருந்து கொட்டும் நீரைக் காண்பது பெருமகிழ்ச்சி தருவதில் வியப்பில்லை. இப்பயணத்தைக் குறைகூற நாம் முன்வரவில்லை. நாமும் சென்று வந்தவர்களே. அங்கே நுழைவாயிலில் நாம் கொடுத்த சிறு தொகையைப் பற்றியும், அது சிறிதாயிருப்பதன் காரணத்தைப் பற்றியுமே இவ்வாரம் எழுதக் கருதினோம்.

ஹோட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேற்பட்ட அவ்வுயர்ந்த புல்வெளியே மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று கங்கைகளுக்கும் ஊற்றுக்கண். அதன் நடுவே பெலிகுல் ஓயாவில் ஏறத்தாழ 20 மீற்றர் உயரத்திலிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சி விழுகின்றது. அதைக் காணச் செல்வோர் கருமபீடத்தில் சீட்டுப் பெறவேண்டும். சீட்டுக்கு இரண்டு விலைகள் உண்டு. நாட்டவர்க்கு ரூபாவில் சிறு தொகை. வெளிநாட்டவர்க்கு டொலரில் விதிக்கப்பட்ட பெருந்தொகை.

இவ்வேறுபாடு நியாயமற்றது என்று சிலர் வாதிடுவர். அவ்வாதத்தை நாம் ஏற்கவில்லை. ஒரு காட்டைக் காப்பதற்கும் பாதை அமைப்பதற்கும் நாட்டு மக்கள் வரியாக முன்னரே பணம் செலுத்தியுள்ளனர். அவர்களிடம் மீண்டும் முழு விலையையும் கேட்பது ஒரே கடனை இருமுறை அறவிடுவதாகும். விக்டோரியா நீர்வீழ்ச்சியிலே சிம்பாப்வே அரசாங்கம் தன் நாட்டவர், அயல்நாட்டவர், பிறநாட்டவர் என மூன்று படியாகக் கட்டணம் அறவிடுகின்றது. பிரேசில் நாட்டின் இகுவாசு நீர்வீழ்ச்சிப் பூங்காவிலோ, அயலிலுள்ள ஊர்களில் வாழ்வோருக்கு ஏனைய பிரேசில் நாட்டவர் செலுத்துவதிலும் குறைந்த கட்டணமே உண்டு. ஆகவே சலுகை என்னும் தத்துவத்தில் எமக்கு மாறுபாடு இல்லை. அச்சலுகை யாரைச் சென்றடைகின்றது என்பதே எமது வினா.

சட்டம் பயின்றோர் எந்தச் சொல்லைக் கண்டாலும் அதன் வரைவிலக்கணத்தையே முதலில் தேடுவர். ‘நாட்டவர்’ யார்? அதற்குச் சான்றாக எமது சட்டைப் பையில் இருப்பது தேசிய அடையாள அட்டை. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் அவ்வட்டை பிரஜைகளுக்கே உரியது. பிரஜை யார் என்பதைத் தீர்மானித்ததோ 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இந்நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தந்தையும் இங்கு பிறந்திருக்கவேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்கவேண்டும் என்று அச்சட்டம் கூறிற்று. லயத்துக் காம்பறாவில் பிறந்த ஒருவர் தம் தந்தையின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவார்? சட்டத்தின் வாசகத்தில் எந்த இனத்தின் பெயரும் இருக்கவில்லை. அதனாலேயே 1953இல் கோடாக்கன்பிள்ளை வழக்கில் பிரிவிக் கவுன்சிலும் அது செல்லுபடியாகும் என்று தீர்த்தது. பெயர் குறிப்பிடாமலே ஒரு மக்கட் கூட்டத்தை வெளியே தள்ளலாம் என்பதற்கு அதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1949இல் அவர்களுடைய வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. எந்தப் பங்கிலே தாம் விழவேண்டும் என்று அம்மக்களின் பிரதிநிதிகளை ஒருவரும் கலந்து பேசவில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியோரின் நாடற்ற நிலையைச் சட்டத்தளவில் முடித்துவைத்தன. கணக்கிட்டுப் பார்த்தால் 55 ஆண்டுகள் கழிந்துவிட்டன. மலைச்சரிவெங்கும் தேயிலையை நட்டவர்களின் வழிவந்தோர் அரை நூற்றாண்டுக்கு மேலாக ‘நாட்டவர்’ என்னும் அட்டை இன்றி அம்மலையிலேயே வாழ்ந்தனர்.

இவ்விடத்தில் வடக்கில் வாழும் நாம் நம்மையும் ஒருமுறை நோக்கவேண்டும். அந்நாளில் வடபுலத்துத் தமிழ்ப் பிரதிநிதிகள் அனைவரும் ஒரே நிலையில் நிற்கவில்லை. அதன் காரணமாக ஒரு கட்சியே பிளந்தது. 1949 டிசம்பரில் வேறொரு கட்சி பிறந்தது. அக்கதையைக் கட்சிக் கண்கொண்டு மீண்டும் விசாரிப்பது எமது நோக்கமன்று. மலையகத்தானின் உரிமை வேறு, எமது உரிமை வேறு என்று எண்ணிய நாட்கள் எம்மிடையே இருந்தன என்பதையும், அந்த எண்ணம் ஈற்றில் எவருக்கும் நன்மை தரவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டாலே போதும்.

ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோருட் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலேயே மீண்டும் கொழுந்து கொய்தனர். அங்கிருந்து ஒரு முதியவர், தாம் பிறந்த லயத்தையும் தாய்தந்தையர் புதைக்கப்பட்ட மண்ணையும் ஒருமுறை பார்க்கவேண்டுமென்று வருகின்றார் எனக் கொள்வோம். அவர் கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருக்கின்றது. நூறு கல் தொலைவிலிருந்து வந்த நாம் சில ரூபாவுடன் உள்ளே செல்கின்றோம். அம்மலையிலே பிறந்தவர் வெளிநாட்டவர் வரிசையில் நிற்கின்றார். சட்டப்படி இதில் தவறில்லை. ஆனால் சட்டப்படி தவறில்லாத எத்தனையோ காரியங்களைக் கண்டு கண்டே நாம் இந்நிலைக்கு வந்தோம்.

இனி, அங்கேயே வாழ்வோரின் நிலையைப் பார்ப்போம். ஹற்றனிலிருந்து தலவாக்கலைக்குச் செல்லும் பெருந்தெருவிலே சென்கிளயர் நீர்வீழ்ச்சி தெரியும் இடத்தில் நாம் வண்டியை நிறுத்தியபோது, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து ஓய்ந்திருந்த மூதாட்டி ஒருவருடன் பேச நேர்ந்தது. ஹோட்டன் சமவெளிக்குப் போயிருக்கிறீர்களா அம்மா என்று கேட்டோம். “இல்லீங்க ஐயா. பேரப்புள்ள கேட்டுக்கிட்டேதான் இருக்கு. டிக்கட்டு காசு பெருசில்லீங்க. ஒரு நா போனா ஒரு பேர் போயிரும். வேனுக்கும் குடுக்கணும். அப்புறம் அந்த மாசம் கடையில கடன்தான்” என்றார்.

‘பேர்’ என்பது தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பதியப்படும் சம்பளக் கணக்கு. அந்நாட் சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கே ஆண்டுக்கணக்கான போராட்டமும் 2021ஆம் ஆண்டு வர்த்தமானி அறிவித்தலும் வேண்டியிருந்தன. 2024இல் அது 1,350 ரூபாவாகத் தீர்மானிக்கப்பட்டது. வேலைக்குச் செல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஆகவே அவ்வம்மையார் நீர்வீழ்ச்சியைக் காண்பதற்குச் செலுத்தவேண்டிய உண்மையான கட்டணம் சீட்டில் அச்சிட்டுள்ள தொகையன்று. ஒரு நாட் கூலியும் வாகனக் கூலியும் சேர்ந்ததே அவருடைய கட்டணம். சம்பளத்தோடு விடுமுறை பெறும் உத்தியோகத்தருக்கும் சொந்த வாகனம் உள்ளவருக்குமே இச்சலுகை சலுகையாக அமைகின்றது. அயலில் உள்ளவருக்கு அது எட்டாத பண்டத்தின்மேல் ஒட்டிய விலைக்குறைப்பு.

சென்கிளயருக்குச் சீட்டு இல்லை. தெருவில் நின்றே எவரும் காணலாம். ஆயின் அங்கும் ஒரு சலுகைக் கணக்கு உண்டு. ஏறத்தாழ 80 மீற்றர் உயரமான அவ்வீழ்ச்சிக்கு மேலே, கொத்மலை ஓயாவை மறித்து 150 மெகாவாற் மின்னுற்பத்தி செய்யும் மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் திறக்கப்பட்டது. நீர்வீழ்ச்சி அழிந்துவிடும் என்று சூழலியலாளர் நெடுங்காலம் எதிர்த்ததன் பயனாக, நாளொன்றுக்கு 10 மணி 25 நிமிடம், அதாவது பகற்பொழுதில், நீர் விடப்படவேண்டும் என்று இணக்கம் காணப்பட்டது. நயாகராவிலும் இவ்வாறே 1950இல் அமெரிக்காவும் கனடாவும் உடன்படிக்கை செய்தன. பார்வையாளர் வரும் காலத்தின் பகற்பொழுதில் வினாடிக்கு 1,00,000 கன அடி நீரும் ஏனைய வேளைகளில் 50,000 கன அடி நீரும் விழவேண்டும் என்பது அதன் நிபந்தனை. மின்சாரம் வேண்டாமென்று நாம் கூறமாட்டோம்; இறைப்பு இயந்திரம் வைத்திருக்கும் கமக்காரர் எவரும் அவ்வாறு கூறார். ஆனால் இவ்விரு உடன்பாடுகளும் ஓர் உண்மையைக் காட்டுகின்றன. நீர்வீழ்ச்சி தானாகக் கிடைக்கும் காட்சியன்று. வாதாடி எழுத்தில் பெறவேண்டிய உரிமை.

அதே நயாகராவில் ஒரு காலத்தில் அமெரிக்கக் கரை முழுவதும் தனியார் கையில் இருந்தது. நிலச்சொந்தக்காரர் வேலியடைத்து, எட்டிப் பார்ப்பதற்கே காசு வாங்கினர். பொதுமக்கள் கிளர்ச்சி செய்தனர். 1885இல் நியூயோர்க் மாநிலம் அந்நிலத்தை வாங்கி, எவரும் இலவசமாகக் காணுமாறு திறந்துவிட்டது. அவர்கள் குறைந்த விலைச் சீட்டைக் கேட்கவில்லை. வேலியை அகற்றுமாறே கேட்டனர்.

எமது நிலையில் நாம் கேட்பவை நான்கு. அவற்றுள் எதுவும் மிகையானதன்று. முதலாவது, நுவரெலியா மாவட்டத்திலும் அயலிலும் வாழும் மக்களுக்கு, இகுவாசுவிற் போல, பொதுச் சலுகையினும் மேலான தனிச் சலுகை வேண்டும். தோட்டப் பாடசாலை மாணவரை ஆண்டுக்கொருமுறை கட்டணமின்றியும் அரசாங்க வாகனத்திலும் அழைத்துச் செல்லவேண்டும். இரண்டாவது, இங்கு பிறந்து ஒப்பந்தத்தால் அனுப்பப்பட்டவர் இலங்கைப் பிறப்புப் பத்திரத்தைக் காட்டினால் நாட்டவர் சீட்டைப் பெற வழிசெய்யவேண்டும். மூன்றாவது, மத்திய திணைக்களத்துக்குச் சேரும் நுழைவுப் பணத்தில் ஒரு பங்கு அயலிலுள்ள பிரதேச சபைகளுக்குச் செல்லவேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் செலவிடுவதற்கு இடையூறாக நின்றது. 2018இல் அது திருத்தப்பட்டுவிட்டது. சட்டத் தடை நீங்கிய பின்னர் எஞ்சியிருப்பது பணத்தடையே. நான்காவது, 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பாதிக்கு மேற்பட்டோர் தமிழராயிருக்கும் மாவட்டத்தில், சீட்டிலும் எச்சரிக்கைப் பலகையிலும் பிழையற்ற தமிழ் இருக்கவேண்டும். அரசியலமைப்பு தமிழை ஆட்சிமொழியாக ஏற்றது 1987இல். வழுக்கும் பாறையிலே நிற்பவனுக்கு எச்சரிக்கை விளங்காவிட்டால் அந்த ஏற்பினால் பயன் யாது?

அரசாங்கத்திடம் கேட்பதோடு எமது கடமை முடிந்துவிடாது. எமது பழைய மாணவர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் ஆண்டுதோறும் மலையகச் சுற்றுலா ஒழுங்கு செய்கின்றன. அவ்வேளையில் தோட்டப் பாடசாலை ஒன்றுடன் முன்கூட்டியே தொடர்பு கொண்டு, ஒரு நாளுக்கு இன்னொரு பஸ் வண்டியை அமர்த்தி, அப்பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வது பெருஞ்செலவன்று. மறு ஆண்டு அவர்களை எமது ஊருக்கு அழைத்து நல்லூரையும் கீரிமலையையும் காட்டலாம். தீர்மானம் நிறைவேற்றும் கூட்டங்கள் பலவற்றைக் கண்டுவிட்டோம். ஒரே வண்டியில் அமர்ந்து ஒரே சோற்றுப் பொதியைப் பிரித்துண்ட பிள்ளைகள், நாளை ஒருவர் உரிமை பறிபோகும்போது மற்றவர் வாளாவிருக்கமாட்டார்கள் என்பது எமது நம்பிக்கை.

இம்முறை கருமபீடத்தில் அடையாள அட்டையைக் காட்டிக் குறைந்த விலைச் சீட்டைப் பெறும் வாசகர்கள், அவ்வட்டையைப் பையில் வைக்குமுன் ஒரு கணம் அதைப் பார்க்கும்படி வேண்டுகின்றோம். எமக்குப் பிறப்போடு வந்த அதனைப் பெறுவதற்கு அம்மலையில் உள்ளோர் 55 ஆண்டுகள் காத்திருந்தனர். அவர்களும் அவ்வாயிலைக் கடந்து உள்ளே வரும் நாளிலேதான் அது நாட்டவர் சீட்டு என்னும் பெயருக்கு உரியதாகும்.