டிராகோ மால்ஃபாய் திருந்திவிட்டானா?

2025-இல் ஆங்கிலத்தில் மூன்று நாவல்கள் அடுத்தடுத்து வந்தன: சென்லின்யூவின் 'ஆல்கமைஸ்டு', ஜூலி சோட்டோவின் 'ரோஸ் இன் செயின்ஸ்', பிரிஜிட் நைட்லியின் 'தி இர்ரெசிஸ்டிபிள் அர்ஜ் டு ஃபால் ஃபார் யுவர் எனிமி'. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். ஹாரி பாட்டர் ரசிகர்கள் பல வருடங்களாக இணையத்தில் எழுதிவந்த டிராகோ – ஹெர்மயோனி காதல் கதைகள்தான் பெயரையும் உலகத்தையும் மாற்றிக்கொண்டு அச்சில் வந்திருக்கின்றன. வாசகர்களும் கொண்டாடினார்கள்.

பிறப்பை வைத்து ஒரு பெண்ணைக் கேவலப்படுத்திய பையன் அவளுடைய அன்பால் மனிதனாகிறான் என்பதுதான் இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வருவது. இது ஏன் இவ்வளவு பேருக்குப் பிடிக்கிறது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். ஏனென்றால் ரோலிங் எழுதிய ஏழு நூல்களில் இப்படி ஒரு திருந்தல் நடக்கவே இல்லை. (திருநர் உரிமைகள் குறித்த ரோலிங்கின் நிலைப்பாட்டால் இந்த நூல்களைத் தள்ளி வைத்த தோழர்கள் பலர். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் கதை அவரிடமிருந்து எப்போதோ கைமாறிவிட்டது. அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.)

டிராகோ எங்கிருந்து தொடங்குகிறான் என்று பார்ப்போம். 1997-இல் வந்த முதல் நூலில் சீருடை தைக்கும் கடையில் அவனுக்குப் பதினொரு வயது. பக்கத்தில் நிற்கும் பையன் யாரென்றே தெரியாது. இருந்தும் மந்திரக் குடும்பங்களில் பிறக்காதவர்களைப் பள்ளியில் சேர்க்கக்கூடாது, அவர்களுக்கு நம் பழக்கவழக்கம் தெரியாது என்று பேசிக்கொண்டே போகிறான். கடைசியாக, உன் குடும்பப் பெயர் என்ன என்று கேட்கிறான். நம் ஊரில் "சொந்த ஊரு எது? ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்பார்களே, அதே கேள்விதான். பதினொரு வயதுப் பையன் இதைத் தானாக யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் கேட்டதை அப்படியே ஒப்பிக்கிறான்.

இரண்டாம் நூலில் அந்த மேசையில் என்ன பேசப்பட்டது என்பது தெரிகிறது. ஹெர்மயோனியின் பெற்றோர் மந்திரம் தெரியாத சாதாரண மனிதர்கள், பல் மருத்துவர்கள். அவள் எல்லாத் தேர்வுகளிலும் டிராகோவை முந்திவிடுகிறாள். மந்திரக் குடும்பத்தில் பிறக்காத ஒரு பெண்ணிடம் தோற்றாயே, வெட்கமாக இல்லையா என்று அப்பா லூசியஸ் மகனைக் கடைக்காரர் முன்னாலேயே கடிந்துகொள்கிறார். ரத்தத்தில்தான் திறமை இருக்கிறது என்ற நம்பிக்கைக்கு நேர் எதிரான சான்று வீட்டுக்கே வந்துவிட்டது. நியாயமாக அந்த நம்பிக்கை ஆடியிருக்க வேண்டும். வீடோ அதை மகனின் அவமானமாக மாற்றிவிடுகிறது. அந்த அவமானம் வெறுப்பாக மாற அதிக நாள் ஆகவில்லை.

'மட்பிளட்' என்ற வசைச்சொல்லை டிராகோ முதன்முதலில் அவள் முகத்துக்கு நேரே வீசும் இடத்தையும் கவனிக்க வேண்டும். சேற்று ரத்தம் என்று பொருள். லூசியஸ் ஸ்லிதரின் அணிக்கு ஏழு விலையுயர்ந்த துடைப்பங்கள் வாங்கிக் கொடுக்கிறார், மகனுக்கு அணியில் இடம் கிடைக்கிறது. எங்கள் அணியில் யாரும் காசு கொடுத்து நுழையவில்லை, திறமையால் வந்தார்கள் என்கிறாள் ஹெர்மயோனி. அவன் பதிலாகச் சொல்வது அந்தச் சொல்லைத்தான். தகுதி, திறமை என்று நாள் முழுக்கப் பேசுகிறவர்களிடம் நன்கொடை கொடுத்து வாங்கிய இடங்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வாதம் தீர்ந்த இடத்தில் சாதி வந்து நிற்கும். இந்தக் காட்சியை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆறாம் நூலில்தான் (2005) டிராகோ உடையத் தொடங்குகிறான். அப்பா சிறையில் இருக்கிறார். அப்பாவின் தோல்விக்குத் தண்டனையாக, டம்பிள்டோரைக் கொல்லும் வேலையை வோல்டமார்ட் பதினாறு வயது டிராகோவின் தலையில் கட்டுகிறான். முடியாவிட்டால் குடும்பத்தோடு சாவு. அவன் கழிவறையில் நின்று தனியாக அழுகிறான். ஆறுதல் சொல்ல அங்கே இருப்பது மிர்ட்டில் என்ற பேய் மட்டும்தான்.

யார் இந்த மிர்ட்டில்? ஐம்பது வருடத்துக்கு முன்பு, தூய ரத்தம் இல்லாதவர்களைக் கொல்ல ஏவப்பட்ட விலங்கால் அதே பள்ளியின் பெண்கள் கழிவறையில் செத்துப்போன மாணவி. இரண்டாம் நூலில், போன முறை ஒரு மட்பிளட் செத்தாள், இந்த முறை அது ஹெர்மயோனியாக இருக்கட்டும் என்று டிராகோ சொல்வானே, அந்தச் 'செத்தவள்' இவள்தான். அப்போது அவனுக்கு அவள் ஒரு நல்ல செய்தி. இப்போது அவன் அழுகையைக் கேட்க உலகத்தில் மிஞ்சியிருப்பவள் அவள்தான். இது அவனுக்குத் தெரியுமா என்று ரோலிங் எங்கேயும் சொல்வதில்லை. அவன் கேட்டதாகவும் எழுதவில்லை. தன் துயரத்தைக் கொட்டுகிறான், அவளுடைய கதையைக் கேட்கவில்லை. தொடரில் எனக்கு மிக நேர்மையாகப் படும் இடம் இது. ஒடுக்குகிறவர் வீட்டுப் பிள்ளைக்கும் வலி உண்டு, அது பொய்யில்லை. ஆனால் சொந்த வலியை உணர்ந்த மாத்திரத்தில் அடுத்தவர் வலி புரிந்துவிடாது.

கோபுர உச்சியில் நடப்பதும் இதையே காட்டுகிறது. ஆயுதம் இல்லாமல் நிற்கும் டம்பிள்டோர் மீது மந்திரக்கோலை நீட்டியிருக்கும்போதும் அவன் வாயில் அதே சொல் வருகிறது. என் முன்னால் அதைச் சொல்லாதே என்கிறார் அவர். கொல்ல வந்தவனிடம் போய்ச் சொல்லைத் திருத்துகிறாரே என்று அவனுக்கே ஆச்சரியம். அவனால் கொல்ல முடியவில்லை, கோல் சற்றே தாழ்கிறது. ரசிகர்கள் கொண்டாடுவது இந்தக் கணத்தை. கொலை செய்யாமல் விட்டது பெரிய விஷயம்தான். ஆனால் கை நடுங்கியபோதும் சொல் நடுங்கவில்லை.

கடைசி நூலில் (2007) ஹாரியும் ஹெர்மயோனியும் பிடிபட்டு மால்ஃபாய் மாளிகைக்கு இழுத்து வரப்படுகிறார்கள். ஹாரியை அடையாளம் காட்டச் சொன்னால் டிராகோ மழுப்புகிறான். ஹெர்மயோனியைக் கேட்டபோது தயங்கித் தயங்கி ஆமாம் போல என்கிறான். பிறகு அவனுடைய பெரியம்மா பெல்லாட்ரிக்ஸ் அந்த வீட்டிலேயே அவளைச் சித்திரவதை செய்கிறாள். தடுக்க அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் தீயில் சிக்கிய அவனை ஹாரி காப்பாற்றுகிறான். சற்று நேரத்திலேயே வோல்டமார்ட்டின் ஆளிடம் நான் உங்கள் பக்கம்தான் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறான். பத்தொன்பது வருடம் கழித்து ரயில் நிலையத்தில் ஹாரியைப் பார்த்துச் சின்னதாக ஒரு தலையசைப்பு. ஏழு நூல்களில் எங்கேயும் அவன் ஹெர்மயோனியிடம் மன்னிப்புக் கேட்பதில்லை.

இதோடு ஸ்னேப்பை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவரும் மாணவப் பருவத்தில் தோழி லில்லியை அதே சொல்லால் அழைத்தவர்தான். மன்னிப்புக் கேட்டு வந்து நிற்கும்போது அவள் கேட்பது ஒன்றே ஒன்று: என்னைப் போல் பிறந்த எல்லாரையும் அப்படித்தானே அழைக்கிறாய், நான் மட்டும் ஏன் விதிவிலக்கு? "உங்களப் பாத்தா அப்படித் தெரியலையே" என்று யாரோ பாராட்டுவதுபோல் சொன்னதைக் கேட்டிருப்பவர்களுக்கு லில்லியின் கோபம் சட்டென்று புரியும். நட்பு முறிகிறது. பல வருடம் கழித்து, தலைமை ஆசிரியர் அறையின் சுவரில் இருக்கும் ஓர் ஓவியம் ஹெர்மயோனியை அப்படி அழைக்கிறது. அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதே என்று ஸ்னேப் சீறுகிறார். கேட்டு மெச்ச லில்லி உயிரோடு இல்லை, ஹெர்மயோனிக்கும் இது தெரியப்போவதில்லை. ஸ்னேப்பிடம் எனக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. இந்த ஓரிடத்தில் மட்டும் அவர் டிராகோ வராத தூரத்துக்கு வந்திருக்கிறார்.

ஆக நூலில் இருப்பது பாதித் திருந்தல். மீதியை ரசிகர்கள் எழுதி முடித்தார்கள். அதில் பிழையில்லை, கற்பனைக்கு யாரும் வேலி போட முடியாது. என் சிக்கல், அந்த மீதிக்கான உழைப்பை யார் தலையில் வைத்தார்கள் என்பதில். வசை வாங்கியவளே அவன் காயத்துக்கு மருந்து போட வேண்டும், அவனை நம்ப வேண்டும், காதலிக்க வேண்டும். கதை அவளுடையதாகத் தொடங்கி அவன் மனசாட்சியின் கதையாக முடிகிறது.

இந்த வடிவம் நமக்குப் பழையது. 1932-இல் காந்தியின் முயற்சியில் ஹரிஜன் சேவக் சங்கம் உருவானது. அதன் நிர்வாகத்தில் தீண்டப்படாதோருக்கு இடம் வேண்டும் என்று கேட்டபோது, இது சாதி இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், அவர்களே நடத்த வேண்டும் என்று காந்தி சொன்னதை அம்பேத்கர் 1945-இல் பதிவு செய்திருக்கிறார். பாவம் செய்தவருக்கு மேடை, பாவத்தைச் சுமந்தவருக்குப் பார்வையாளர் வரிசை. அம்பேத்கரின் பார்வை வேறு. 1932 நவம்பரில் அந்தச் சங்கத்தின் ஏ.வி. தக்கருக்குக் கப்பலிலிருந்து எழுதிய கடிதத்தில், கிணறு, பள்ளி, பொதுவழி ஆகியவற்றில் உரிமையை நிலைநாட்டும் போராட்டமே முதல் வேலை என்கிறார். சாதி இந்து தானாக யோசிக்கமாட்டார், பழைய வழக்கம் இனிச் செல்லாது என்ற நெருக்கடி வந்தால்தான் யோசிப்பார் என்பது அவர் வாதம். மனமாற்றம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. உரிமை அதற்காகக் காத்திருக்கக்கூடாது என்றார்.

டிராகோவையே பாருங்கள். சுகமாக இருந்த ஐந்து வருடம் அவன் எதையும் யோசிக்கவில்லை. நெருக்கடி வீட்டுக்குள் வந்த பிறகுதான் தடுமாறுகிறான். வோல்டமார்ட் ஆட்சியில், மந்திரத்தைத் திருடியவர்கள் என்று பழிபோட்டு ஹெர்மயோனியைப் போல் பிறந்தவர்களின் மந்திரக்கோல்களைப் பிடுங்க அமைச்சகத்தில் ஓர் ஆணையமே இயங்கியது. அது ஒழிந்தது யாரோ ஒரு மால்ஃபாய் மனம் மாறியதால் அல்ல. எதிர்த்தவர்கள் போரிட்டு வென்றதால்.

இந்தக் கேள்வி கதைப் புத்தகத்தோடு முடிகிறதா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவரை, அவருடைய பள்ளியில் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. டிராகோவின் வயதுதான் அந்தப் பையன்களுக்கும். அந்த வெறுப்பும் எங்கோ ஒரு சாப்பாட்டு மேசையில், ஒரு திருவிழாவில், ஒரு வாட்ஸ்அப் குழுவில் கைக்கு வந்ததுதான். அதை அடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் சாதிக் கயிறுகளைத் தடை செய்யவும், பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதியை நீக்கவும் பரிந்துரைத்தது. பிள்ளைகள் மனம் மாறட்டும், பிறகு கயிற்றைக் கழற்றிக்கொள்ளலாம் என்று அந்த அறிக்கை காத்திருக்கவில்லை. அதே நேரத்தில், பதினேழு வயதுப் பையனுக்கு இனி விடிவே இல்லை என்று கதவைச் சாத்துவதும் நம் அரசியல் ஆகாது. சாதி பிறவிக் குணம் இல்லை, கற்றுக்கொண்டது என்பதுதானே நம் அடிப்படை வாதம். கற்றதை விட முடியும். விட்டதற்கு என்ன அடையாளம் என்பதுதான் கேள்வி.

டிராகோவின் பிற்கால வாழ்க்கை பற்றி ரோலிங் தன் இணையதளத்தில் எழுதியதில் இரண்டு விவரங்கள் உண்டு. ஒன்று, அவன் மணந்த அஸ்டோரியாவும் தூய ரத்தப் பெருமையில் வளர்ந்து அதிலிருந்து வெளியே வந்தவள். சாதாரண மனிதர்கள் இழிந்தவர்கள் என்ற பாடத்தை மகன் ஸ்கார்பியஸுக்குச் சொல்லித்தர அவள் மறுக்கிறாள். அதனால் தாத்தா பாட்டியோடு கூடும் குடும்ப நிகழ்ச்சிகள் கசந்துபோகின்றன. இதுதான் உண்மையான வேலை. அழுகையும் வசனமும் கிடையாது, பண்டிகைச் சாப்பாட்டில் ஒரு மனக்கசப்பு, மகன் காதுக்குப் போகாமல் நின்றுபோன ஒரு பேச்சு. 2016-இல் அரங்கேறிய 'கர்ஸ்டு சைல்டு' நாடகத்தில் அந்த ஸ்கார்பியஸ்தான் ஹாரியின் மகனுக்கு உயிர் நண்பன்.

இரண்டாவது விவரம் அவ்வளவு இனிப்பானதில்லை. டிராகோ பரம்பரைச் சொத்தில் அதே மாளிகையில் வாழ்கிறான். குடும்பம் சேர்த்துவைத்த தீய மந்திரப் பொருட்களைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருக்கிறான். பயன்படுத்துவதில்லை, எறிவதும் இல்லை.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பெரும்பாலான தமிழர்களின் பெயருக்குப் பின்னால் இன்று சாதி இல்லை. அது பெரிய வெற்றி, சந்தேகமே இல்லை. ஆனால் பெயரிலிருந்து இறங்கியது வரன் தேடும் பக்கத்தில் இருக்கிறது, வீடு வாடகைக்கு விடும்போது கேட்கும் கேள்வியில் இருக்கிறது, நிலப் பத்திரத்தில் இருக்கிறது. 'நாங்க இதெல்லாம் பாக்குறதில்லை' என்று சொல்லும் வீடுகளிலும் அந்தக் கண்ணாடிப் பெட்டி துடைத்துச் சுத்தமாகவே இருக்கிறது.

கடைசி நூலில் ஹெர்மயோனி, ஆமாம் நான் மட்பிளட்தான், அதில் எனக்குப் பெருமை என்று தானே அறிவிக்கிறாள். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தாரே, அந்த நிமிர்வு. அவள் தலைநிமிர்வதற்கு டிராகோவின் மன்னிப்புத் தேவைப்படவில்லை. மன்னிப்பும் மாற்றமும் அவனுக்குத்தான் தேவை. அந்த வேலையை அவன் தன் வீட்டில், தன் செலவில், தன் உறவுகளோடு சண்டை போட்டுத்தான் செய்ய வேண்டும். அவளைக் கூப்பிடக் கூடாது. அடுத்த முறை ஒரு வில்லன் திருந்தும் கதையில் கண் கலங்கும்போது இரண்டே கேள்விகள் கேட்டுக்கொள்வோம்: அடிபட்டவருக்கு என்ன திரும்பக் கிடைத்தது? அடுத்த தலைமுறைக்கு என்ன போகாமல் நின்றது? நம் வீட்டிலேயே இந்தக் கேள்விகளைக் கேட்டால் சில பண்டிகைச் சாப்பாடுகள் கசந்துபோகும். போகட்டும்.