ராத்திரி ஊசி அடியுரம், சாப்பாட்டு ஊசி மேலுரம்

கேள்வி: “என் வீட்டுக்காரருக்கு ராத்திரிக்கு ஒரு இன்சுலின், மூன்று வேளை சாப்பாட்டுக்கு முன்னால் வேறொரு இன்சுலின். விடியற்காலை மும்முனை கரன்ட் வந்தால், ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமலே மோட்டார் போட ஓடிவிடுகிறார். போன வாரம் வரப்பில் மயங்கி விழுந்தார். அந்தப் பயத்தில் இப்போது இரண்டு ஊசியையும் நிறுத்திவிட்டார். என்ன செய்வது?”
- திமிரி பக்கத்திலிருந்து ஒரு வாசகி.

பதில்: இன்றைக்கே அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள், அம்மா. இரண்டையும் நிறுத்துவது மயக்கத்தைவிடப் பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விடும். நான் வேளாண்மை படித்தவன். ஊசியின் அளவு சொல்வது என் வேலை இல்லை. இரண்டு ஊசிக்கும் வேலை வேறு என்பதை மட்டும் நம் வயல் கணக்கில் சொல்கிறேன்.

ராத்திரி ஊசி அடியுரம் மாதிரி. நாம் சாப்பிடாத நேரத்திலும் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கட்டுக்குள் வைப்பது இது. கிளார்ஜின் என்றால் ஏறக்குறைய ஒரு நாள் நிற்கும். தோலுக்கடியில் துகளாக உறைந்து மெல்ல மெல்லக் கரைகிறது. யூரியாவை வேப்பம் பிண்ணாக்கோடு கலந்து போடுகிறோமே, அதே தந்திரம். (1936-லேயே டென்மார்க்கில் ஹேகடார்ன் என்பவர் மீனிலிருந்து எடுத்த புரதத்தைச் சேர்த்து இன்சுலினை மெதுவாக்கினார்.) கிளார்ஜினை வேறு இன்சுலினோடு ஒரே ஊசியில் கலக்கக் கூடாது.

சாப்பாட்டு ஊசி மேலுரம். அந்த வேளைச் சோற்றுக்கு மட்டும். ரெகுலர் இன்சுலின் என்றால் அரை மணி முன்னால். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் கால் மணிக்குள் வேலையைத் தொடங்கிவிடும்; தட்டில் சோறு வந்தபிறகு போட்டால் போதும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான்: ஊசி உள்ளே போனது, சோறு போகவில்லை, மண்வெட்டி வேலை இருந்த சர்க்கரையையும் குறைத்தது.

சாப்பிடாத வேளைக்குச் சாப்பாட்டு ஊசி வேண்டாம். ஆனால் ஒரு வேளை சாப்பிடவில்லை என்று ராத்திரி ஊசியை விடக் கூடாது. கரன்ட் நேரம் மாறி மாறி வருவதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நம் ஆட்கள் அங்கே வாயே திறப்பதில்லை!

அரசு மருத்துவமனையில் பலருக்குக் கிடைப்பது 30/70 கலவை; பால் போல் இருக்கும். காம்ப்ளக்ஸ் உரம் மாதிரி இரண்டும் ஒரே புட்டியில். அதைப் போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும். சாப்பிட முடியாத நாளில் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

புட்டியில் 40 என்று இருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 என்று இருந்தால் ஆரஞ்சு மூடி. மாறினால் அளவு இரண்டரை மடங்கு பிசகும்.

புட்டியை ஃபிரிட்ஜ் கதவில் வைக்கலாம். ஐஸ் பெட்டியில் வைத்து உறைந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள். நம் பக்கத்து மே மாத வெயிலில் மோட்டார் கொட்டகையில் வைக்கவே வேண்டாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு ஈர மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம்.

அவர் சட்டைப்பையில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். வியர்வை, கை நடுக்கம், திடீர்ப் பசி வந்தால் மூன்று ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணியில் தெளியாவிட்டால் இன்னொரு முறை, பிறகு சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

நீங்கள் கேட்டிருந்த நிலக்கடலை இலைப்புள்ளிக்குப் பதில் அடுத்த இதழில்.