குழந்தைகளின் ஈறு யாருடைய பொறுப்பு? பல் மருத்துவக் கல்வி எதிர்கொள்ளும் கேள்வி

புதுடெல்லி: பல் துலக்கும்போது குழந்தையின் ஈறுகளில் ரத்தம் கசிந்தால், பெரும்பாலான வீடுகளில் அது பொருட்படுத்தப்படுவதில்லை. 'விழப்போகும் பால் பல்தானே' என்ற எண்ணமே இதற்குக் காரணம். பெற்றோர் கவனிக்கத் தவறும் இந்த அறிகுறியைப் பல் மருத்துவர் கண்டறிந்தாக வேண்டும். அதற்குரிய பயிற்சியுடன்தான் மாணவர்கள் கல்லூரியை விட்டு வெளியேறுகிறார்களா என்ற கேள்வி இப்போது முக்கியத்துவம் பெறுகிறது.

1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றியது. இறுதியாண்டு மாணவர்களுக்கு நாடு முழுவதும் 'நெக்ஸ்ட்' எனப்படும் பொதுத் தேர்வை நடத்த இச்சட்டம் வகை செய்கிறது. மருத்துவம் பார்ப்பதற்கான உரிமமும், முதுநிலைப் படிப்பில் சேர்க்கையும் இத்தேர்வின் அடிப்படையில் அமையும். எனவே, மாணவர்கள் எதைக் கற்க வேண்டும் என்பதை மறுபரிசீலனை செய்ய இதுவே தருணம்.

பிரச்சினையின் அளவு

இந்திய பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-இல் நடத்திய தேசிய வாய்நல ஆய்வில், 5 வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பற்சிதைவு இருந்தது. 12 வயதினரில் சுமார் 57 சதவீதத்தினருக்கும், 15 வயதினரில் சுமார் 67 சதவீதத்தினருக்கும் ஈறு பாதிப்பு காணப்பட்டது. 35 முதல் 44 வயதுடையோரில் இது ஏறத்தாழ 90 சதவீதத்தை எட்டியது. முதிர்ந்த வயதில் பற்களை இழக்கச் செய்யும் நோயின் தொடக்கம் பள்ளிப் பருவத்திலேயே தென்படுகிறது என்பதை இவ்விவரங்கள் உணர்த்துகின்றன.

இரு துறைகளுக்கு நடுவே

இளநிலை பல் மருத்துவப் படிப்பில் குழந்தைப் பல் மருத்துவமும் ஈறு மருத்துவமும் தனித்தனிப் பாடங்கள். பயிற்சி மருத்துவராகப் பணிபுரியும் ஓராண்டில் இவ்விரு துறைகளுக்கும் தலா ஒரு மாதமே ஒதுக்கப்படுகிறது. முதல் துறையில் சொத்தைப் பல்லை அடைப்பது, வேர் சிகிச்சை, பல் உறை பொருத்துவது ஆகியவற்றிலேயே பெரும்பகுதி நேரம் கழிகிறது. இரண்டாவது துறைக்கு வருவோரில் பெரும்பாலோர் வயது வந்தோர். இதனால் குழந்தையின் ஈறு இரு துறைகளின் கவனத்திலிருந்தும் நழுவ வாய்ப்புண்டு.

குழந்தையின் ஈறு, பெரியவர்களின் ஈற்றுத் தசையின் சிறிய வடிவம் அன்று. பால் பற்களைச் சுற்றியுள்ள ஈறு இயல்பாகவே சற்றுச் சிவந்தும், விளிம்பில் தடித்து உருண்டும் இருக்கும். நிலையான பல் முளைக்கும் காலத்தில், எலும்பு தேயாதபோதும் அளவுகோல் ஆழமாக இறங்கக்கூடும். இதை அறியாத மாணவர் இயல்பானதை நோய் என்றும், நோயை இயல்பு என்றும் கருதிவிடலாம்.

குழந்தைகளிடம் காணப்படும் ரத்தக்கசிவு பெரும்பாலும் பற்படிமத்தால் ஏற்படும் ஈறு அழற்சியே; முறையாகத் துலக்கினால் குணமாகும். ஆனால், எல்லாமே அப்படியல்ல. ரத்தப் புற்றுநோயின் முதல் அறிகுறி ஈறு வீக்கமாகவோ ரத்தக்கசிவாகவோ வெளிப்படலாம். வலிப்பு நோய்க்குத் தரப்படும் ஃபெனிட்டாயின் மருந்து ஈறுகளை மிகையாக வளரச் செய்யலாம். முதல் வகை நீரிழிவு உள்ள சிறாருக்கு ஈறு நோய் முன்கூட்டியே தொடங்கலாம். பதின்வயதினர் சிலருக்கு, படிமம் குறைவாக இருந்தும் முன்பற்களையும் முதல் கடைவாய்ப் பற்களையும் தாங்கும் எலும்பு வேகமாகக் கரைகிறது. 2018-இல் வெளியான சர்வதேச வகைப்பாடு இந்நோயின் பழைய பெயரைக் கைவிட்டு, நோயின் நிலை, தீவிரம் ஆகியவற்றின் அடிப்படையில் பகுக்கிறது. பழைய பாடநூலை மட்டுமே நம்பும் மாணவருக்கு இம்மாற்றம் எட்டாமல் போகக்கூடும்.

இவற்றைக் கண்டறிய விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பிரிட்டனில் 7 முதல் 17 வயது வரையிலானோருக்கு ஆறு பற்களை மட்டும் பரிசோதிக்கும் எளிய முறை பரிந்துரைக்கப்படுகிறது. சில நிமிடங்களில் முடியும் இச்சோதனையை இளநிலை மாணவரும் செய்ய இயலும்.

தேர்வு மட்டும் போதுமா?

பொதுத் தேர்வு நாடு முழுவதும் ஒரே தரத்தை உறுதிசெய்யலாம். அதே வேளையில், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் மனப்பாடத்தையே ஊக்குவிக்கும் அபாயமும் உண்டு. அழும் குழந்தையை அமைதிப்படுத்தி ஈறுகளைச் சோதிக்கும் திறனை எழுத்துத் தேர்வால் அளவிட இயலாது.

2013-இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் சுகாதாரத் திட்டத்தின் கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையிலானோருக்குச் செய்யப்படும் பரிசோதனையில் பல் பாதிப்புகளும் அடங்கும். ஆனால், அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் செல்லும் நடமாடும் குழுவின் அமைப்பில் பல் மருத்துவர் இடம்பெறவில்லை. பயிற்சி மருத்துவர்களுக்குச் சமுதாயப் பல் மருத்துவத்தில் ஒதுக்கப்படும் மூன்று மாதங்களை இப்பணியுடன் இணைத்தால், மாணவருக்கு அனுபவமும் குழந்தைக்குப் பரிசோதனையும் ஒருசேரக் கிடைக்கும். மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கு அரிசிமணி அளவும், ஆறு வயது வரை பட்டாணி அளவும் ஃபுளோரைடு பற்பசை போதுமானது என்பதையும், ஏழெட்டு வயது வரை பெற்றோர் மேற்பார்வை அவசியம் என்பதையும் அங்கேயே எடுத்துரைக்கலாம்.

புதிய தேர்வுக்கான வினாத்தாளை வடிவமைப்பதோடு ஆணையத்தின் பணி முடிந்துவிடாது. இரு துறைகளும் இணைந்து குழந்தைகளின் ஈறு பரிசோதனையைக் கற்பிக்கவும், அதைச் செய்முறைப் பயிற்சியில் கட்டாயமாக்கவும் பாடத்திட்டம் இடமளிக்க வேண்டும். அதைப் பொறுத்தே அடுத்த தலைமுறை மருத்துவர்களின் தரம் அமையும்.