தண்ணீர் புகையைக் கழுவுமா?

ஹூக்கா என்றால் நவாபுகளின் சாமான் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். இன்று நமது பிள்ளைகள் வேலைக்கும் படிப்புக்கும் செல்லும் நகரங்களில் அது வாலிபர்களின் பொழுதுபோக்கு. வட்டமாக உட்கார்ந்து ஒரே குழாயைக் கைமாற்றி இழுக்கிறார்கள். உடம்புக்குக் கெடுதல் இல்லையா என்று கேட்டால் மூன்று பதில்கள் தயார். தண்ணீர் விஷத்தை வடிகட்டிவிடும். இது வெறும் பழவாசனை. எப்போதோ ஒரு நாள்தானே!

மூன்றும் தவறு.

தண்ணீர் புகையின் சூட்டைத் தணிக்கிறது, நஞ்சை நீக்குவதில்லை. தொண்டை எரியாததால் இன்னும் ஆழமாக இழுக்கிறார்கள். ஒரு மணி நேரம் இழுப்பவர் உள்ளே வாங்கும் புகையின் அளவு நூறு சிகரெட்டுக்குச் சமமாகலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆய்வுக் குழு 2005-இல் எச்சரித்தது. 'எப்போதோ ஒரு நாள்' என்பதன் கணக்கு இதுதான்.

பழவாசனைக்குள் பெரும்பாலும் பாகில் ஊறிய புகையிலையே இருக்கிறது. அதிலுள்ள நிகோடின் ஆளை அடிமையாக்கும். புகையிலையே இல்லை என்று விற்றாலும் மேலே எரிவது கரி. அடைத்த அறையில் கரியடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் விடிந்தும் எழாத துயரத்தை நாம் அறிவோம். அந்தக் கார்பன் மோனாக்சைடைத்தான் இவர்கள் காசு கொடுத்து இழுக்கிறார்கள். ஒரே குழாய் பல வாய்க்குப் போவதால் காசநோய் தொற்றும் அபாயமும் உண்டு.

தமிழ்நாட்டில் ஹூக்கா பார்களைத் தடை செய்யும் மசோதா 2022-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 2023-இல் ஜனாதிபதியின் ஒப்புதலும் கிடைத்தது. நடத்துவோருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. நல்லதே. ஆனால் சட்டம் கடையைத்தான் மூடும்; தப்பெண்ணத்தை மூடாது.

அதை அகற்ற வேண்டியவர்கள் நாம். இங்கேதான் சங்கடம். விரலிடுக்கில் பீடியை வைத்துக்கொண்டு மகனுக்கு உபதேசம் செய்தால் அவன் சிரிக்க மாட்டானா? பஞ்சுத் தூசி ஏற்கெனவே அரித்த நெஞ்சுக்குள் பீடிப் புகையையும் அனுப்பும் மில் தோழர், "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்கிறார். மகன் சொல்வதும் அதே வார்த்தைதான்!

எனவே வாலிபர்களைத் திட்டிப் பயனில்லை. வாசனை பூசி நஞ்சை விற்று லாபம் குவிப்பவனை அவர்களுக்கு அடையாளம் காட்டுவோம். தண்ணீர் புகையைக் கழுவாது என்பதைச் சங்கக் கூட்டத்திலும் தேநீர்க் கடையிலும் எடுத்துச் சொல்வோம். தோழர்களே, அதற்கு முன் நம் கையிலுள்ள பீடியைக் கீழே போடுவோம். உழைப்பவனுக்கு உடம்பு ஒன்றே சொத்து. அதைப் புகைக்குக் கொடுக்க வேண்டாம்!