டீசல் அல்ல, தூரமே செலவு

சங்கரன்கோவிலில் பெரிய டீசல் எஸ்யூவி வாங்க நினைப்பவர் முதலில் விசாரிப்பது மைலேஜை. பத்துக் கொடுக்குமா, பன்னிரண்டு கொடுக்குமா என்ற பேச்சிலேயே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. ஐந்தாண்டுக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தால், டீசல் நான்காவது இடத்துக்குப் போய்விடும்.

ஷோரூம் விலை 50 லட்சம் ரூபாய் உள்ள வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2023 நவம்பரில் தமிழக அரசு உயர்த்திய விகிதப்படி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள்கால வரி 20 சதவீதம். வண்டி தெருவுக்கு வரும் முன்பே பத்து லட்சம் போயிற்று. 40 லட்சம் கடன் வாங்கி, 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டில் அடைத்தால் வட்டி மட்டும் ஏறக்குறைய 9.8 லட்சம். ஐந்தாண்டு முடியும்போது வண்டியின் மதிப்பு பாதியாகிவிட்டதாகக் காப்பீட்டு அட்டவணை சொல்கிறது. அது 25 லட்சம். ஃபார்ச்சூனர் போன்ற சில வண்டிகள் சந்தையில் இதைவிட நல்ல விலைக்குப் போகும். ஐரோப்பியச் சொகுசு வண்டிகள் பல இதற்கும் கீழே இறங்கும். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர், லிட்டருக்குப் பத்து, டீசல் 93 ரூபாய் என்று வைத்தால் ஐந்தாண்டு எரிபொருளுக்கு ஏழு லட்சம்கூட ஆகாது. வண்டி ஷெட்டில் நின்றாலும் மதிப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். டீசல் செலவாவது ஓடினால்தான் உண்டு.

தறி முதலாளிகளிடமும் மொத்த வியாபாரிகளிடமும் இன்னொரு நம்பிக்கை உண்டு. நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் ஜிஎஸ்டி திரும்பிவிடும் என்பார்கள். திரும்பாது. பதின்மூன்று பேர் வரை அமரும் பயணிகள் வாகனத்துக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது. கார் விற்பவர், வாடகைக்குப் பயணிகளை ஏற்றுபவர், ஓட்டுநர் பயிற்சி தருபவர் ஆகியோருக்குத்தான் விலக்கு. தேய்மானத்தையும் வட்டியையும் வருமான வரிக் கணக்கில் காட்டலாம், அவ்வளவுதான்.

டீசல் மலிவு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 2012இல் ஒரு லிட்டர் டீசல் பெட்ரோலைவிட இருபது ரூபாய்க்கு மேல் குறைவாக இருந்தது. உழவருக்கும் லாரிக்கும் பேருந்துக்கும் என்று அரசு தாங்கிப்பிடித்த விலை அது. சொகுசு வண்டிக்காரரும் அதையே அனுபவித்தார். டீசல் கார்களுக்கு 80,000 ரூபாய் கூடுதல் கலால் வரி போடலாம் என்று 2010இலேயே கிரித் பாரிக் குழு பரிந்துரைத்தது இதனால்தான். 2013 ஜனவரியிலிருந்து விலை சிறுகச் சிறுக ஏற்றப்பட்டு, 2014 அக்டோபரில் கட்டுப்பாடு முழுக்க நீங்கியது. இன்று வித்தியாசம் எட்டு, ஒன்பது ரூபாய்தான். டீசல் இன்ஜினின் கூடுதல் மைலேஜையும் சேர்த்தால் பெட்ரோல் வண்டியைவிட ஆண்டுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் மிச்சமாகலாம். ஒரே ஒரு இன்ஜெக்டர் கோளாறு அந்த மிச்சத்தை விழுங்கிவிடும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, டீசல் வண்டியின் உடல்வாகே மாறிவிட்டது. சைலன்சர் வழியில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்கினால்தான் அது அடைபடாது. அதற்கு 600 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும்; அந்த வெப்பம் வர, நல்ல வேகத்தில் கால் மணி நேரமாவது விடாமல் ஓட வேண்டும். நம் ஊரில் இந்த வண்டிகள் ஓடும் விதத்தைப் பாருங்கள். வீட்டிலிருந்து தறிக்கூடம், அங்கிருந்து பூ மார்க்கெட், மாலையில் கோமதி அம்மன் கோவில், முகூர்த்த நாளில் இரண்டு கல்யாண மண்டபம். எல்லாம் இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஓட்டம். நடுநடுவே ஏசிக்காக நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடும். எரிப்பு தொடங்கும்போதே வண்டி அணைக்கப்பட்டுவிடும். அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கி, அதை நீர்க்கச் செய்யும். பிறகு டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. அதையும் கவனிக்காமல் ஓட்டினால் வடிகட்டியையே மாற்ற வேண்டிவரும். சொகுசு வண்டியில் அது லட்சக் கணக்கு. வாரத்துக்கு இரண்டு முறை திருநெல்வேலி போய்வருபவருக்கு இந்தத் தொல்லை வராமலே போகலாம். ஆக, டீசல் எஸ்யூவி சாலையில் நீண்ட தூரம் போகிறவருக்கான வண்டி. ஊருக்குள் சுற்றுபவருக்கு அது பொருந்தாது என்று எந்த விற்பனையாளரும் சொல்லித் தருவதில்லை என்பதே என் ஆதங்கம்.

வடிகட்டியைக் கழற்றிவிட்டு மென்பொருளை மாற்றித் தருகிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தக் கரி பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளின் நெஞ்சுக்குத்தான் போகும். இதைச் சிக்கனம் என்று ஏற்க முடியாது.

அடுத்தது, செகண்ட் ஹேண்ட் ஆசை. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் டெல்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுப்பதை 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் நிறுத்திவைத்தாலும், இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே விலை விழுந்த சொகுசு டீசல்கள் தடையில்லாச் சான்றோடு மற்ற மாநிலங்களுக்கு இறங்கின. எழுபது, எண்பது லட்சத்து வண்டி பன்னிரண்டு லட்சத்துக்குக் கிடைத்தால் யாருக்குத்தான் கை அரிக்காது! ஆனால் விலை குறைந்தது வண்டிக்கு மட்டும்தான், உதிரிபாகத்துக்கு அல்ல. ஏர் சஸ்பென்ஷன், டர்போ, உயர் அழுத்த டீசல் பம்ப், தானியங்கி கியர்பாக்ஸ் எல்லாம் இன்றும் எண்பது லட்சத்து வண்டியின் விலையில்தான் வரும். போதாக்குறைக்கு, அவை சேர்ந்தாற்போல் கைவிடும் வயதில்தான் வண்டி இங்கே வந்து சேர்கிறது. தமிழகப் பதிவுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து இங்கேயும் வரி கட்ட வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வியாபாரத்துக்கு அப்படியே பொருந்தும்.

காப்பீடு காப்பாற்றும் என்பதும் பாதி உண்மைதான். வழக்கமான பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தொகையே கிடைக்கும். ஐந்து வயது கடந்த வண்டியின் உலோகப் பாகத்துக்கு 40 சதவீதம் கழிப்பார்கள். முழுத்தொகை தரும் பம்பர்-டு-பம்பர் பாலிசி பழைய வண்டிக்கு எளிதில் கிடைக்காது. கழுகுமலை சாலையில் ஒரு மாடு குறுக்கே வந்து, பம்பரும் ஹெட்லைட்டும் போனால் பாதிச் சுமை உரிமையாளருடையது.

இத்தனை செலவையும் பெருக்குவது தூரம். பொலேரோ நின்றால் ராஜபாளையம் சாலையில் உள்ள மெக்கானிக் அரை நாளில் கிளப்பிவிடுவார். இன்னோவா, ஃபார்ச்சூனர் என்றால் ஐம்பத்தைந்து கிலோமீட்டரில் திருநெல்வேலி. ஐரோப்பிய வண்டிக்கு மதுரையோ கோவையோ திருவனந்தபுரமோ போக வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போக முடியாது, பிளாட்பெட் லாரி வர வேண்டும். ஒரு சென்சார் மாற்றுவதற்கு இரண்டு நாள் போய்விடும். அண்ணாச்சி, பார்ட்ஸ் கெடச்சாலும் எங்க ஸ்கேனர் அந்த வண்டிய தொறக்காது என்று உள்ளூர் மெக்கானிக் கைவிரிப்பது அவருடைய திறமைக் குறைவால் அல்ல. மாற்றிய பாகத்தை வண்டியின் கணினி ஏற்க, நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். அது அவருக்குத் தரப்படுவதில்லை.

இது இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்த விஷயம். 2014 ஆகஸ்டில் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு ஆணையம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மாருதி, டாடா, டொயோட்டா முதல் பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் வரை அந்தப் பட்டியலில் இருந்தன. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல் தடுத்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆண்டுகள் ஓடியும் சிறு நகரத்து ஒர்க்‌ஷாப்பின் நிலை பெரிதாக மாறவில்லை. மத்திய நுகர்வோர் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாசல் தொடங்கியது. அதில் சேர்வது நிறுவனங்களின் விருப்பம்.

பழுதுபார்ப்புக்கு நிறுவனத்தையே நம்பியிருப்பதன் ஆபத்தை நம் மாநிலத்திலேயே பார்த்தோம். செங்கல்பட்டை அடுத்த மறைமலைநகரில் ஃபோர்டு தயாரித்த எண்டெவர், டீசல் எஸ்யூவிகளில் பலரும் விரும்பியது. 2021 செப்டம்பரில் நிறுவனம் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று சொன்னது உண்மைதான். ஆனால் புது வண்டி விற்காத டீலர் ஒர்க்‌ஷாப்பை எத்தனை ஆண்டு நடத்துவார்? ஆடி இந்தியாவில் 2020இலேயே டீசலை விட்டது. வால்வோ தன் கடைசி டீசல் வண்டியை 2024இல் உலகுக்கே தயாரித்து முடித்துவிட்டது. இன்று டீசல் வாங்கிப் பத்தாண்டு வைத்திருக்க நினைப்பவர், அந்த இன்ஜினைத் தொடத் தெரிந்தவர்கள் 2035இல் எங்கே இருப்பார்கள் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

பத்து லட்சத்தை முன்கூட்டியே வரியாக வாங்கும் அரசு, அதற்கு ஈடாக ஒன்றைச் செய்யலாம். வண்டி விற்கும்போதே முக்கியமான இருபது உதிரிபாகங்களின் விலை, அவை எத்தனை ஆண்டு கிடைக்கும், வாங்குபவரின் ஊருக்கு அருகில் எங்கே பழுது பார்க்கப்படும் என்பதை எழுத்தில் தரச் சொல்லலாம். கட்டணம் வாங்கிக்கொண்டாவது பழுதறியும் மென்பொருளை எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் தர வேண்டும் என்று விதி செய்யலாம். அதுவரை, சங்கரன்கோவிலில் வாங்குபவர் மைலேஜ் கேட்பதற்கு முன், இன்ஜெக்டரும் டிபிஎஃப்பும் என்ன விலை என்று எழுதி வாங்கிக்கொள்ளட்டும். எழுதித் தர மறுக்கும் கடையில் முன்பணம் கட்ட வேண்டாம்.