இடுப்பில் பிடித்து குதிகால் வரை இழுக்கும் வலி... படுத்தால் தீருமா, நடந்தால் தீருமா?

காரைக்கால் பக்கம் சம்பா நடவு தொடங்கிவிட்டால், காலையில் குனியும் பெண்கள் வரப்பேறும்போதுதான் நிமிர்வார்கள். கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவக் கிராமங்களில் படகு கரைக்கு வந்ததும் ஈரம் சொட்டும் கூடையைத் தூக்கியாக வேண்டும். கடைத்தெருவிலோ, காலை முதல் இரவு வரை கல்லாவை விட்டு எழ முடியாதவர்கள். வேலைகள் வேறு வேறு. ஆனால், திடீரென ஒரு நாள் இவர்கள் சொல்லும் புகார் ஒன்றுதான்: ‘இடுப்புல புடிச்சுது... பின்பக்கமா இறங்கி குதிகால் வரைக்கும் சுரீர்னு இழுக்குது.’

வாயுப் பிடிப்பு என்று சிலர் பூண்டு உரிப்பார்கள். சுளுக்கு என்று சிலர் வழித்துவிட ஆள் தேடுவார்கள். மருத்துவர்கள் இதற்குச் சொல்லும் பெயர் ‘சியாட்டிகா’. தினக்கூலிக்குப் போகிறவருக்கு இது வெறும் வலி இல்லை. ஒரு பருவத்து வருமானமே போய்விடும். அதனால்தான் என்ன செய்ய வேண்டும் என்பதைப் போலவே, எதைச் செய்யக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

வலி எங்கிருந்து வருகிறது?

நம் உடம்பிலேயே தடிமனான நரம்பு சியாட்டிக் நரம்பு. கீழ் முதுகெலும்பிலிருந்து புறப்படும் வேர்கள் ஒன்றுசேர்ந்து, பிட்டத்தின் உள்ளே புகுந்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு பிதுங்கி, இந்த வேர்களில் ஒன்றை உறுத்தும்போதுதான் பெரும்பாலும் வலி வருகிறது. கோளாறு முதுகில், கூச்சல் காலில். இருமினால், தும்மினால், குனிந்தால், வெகுநேரம் உட்கார்ந்தால் வலி கூடுவதும், பாதத்தில் மரத்துப்போவதும் இதன் அடையாளங்கள். வட்டுக்கும் இந்த வலிக்கும் உள்ள தொடர்பை மிக்ஸ்டர், பார் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1934-ல் உறுதியாக எடுத்துக்காட்டினார்கள்.

மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்திப் பார்ப்பது மருத்துவர்கள் செய்யும் எளிய சோதனை. லசேக் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரில் வழங்கும் சோதனை அது. ஆனால், 1881-ல் அதை எழுதி வைத்தவர் அவருடைய மாணவர்! பல நேரங்களில் இந்தச் சோதனையும், கால் பலத்தைப் பார்ப்பதுமே முதலில் போதும். வந்த உடனே ஸ்கேன் எடுக்க அவசரப்பட வேண்டாம். எந்த வலியும் இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தால்கூட வட்டு பிதுங்கல் தெரிவது சகஜம். வயது கூடக்கூட அது இன்னும் அதிகம்.

படுத்தே கிடக்கலாமா?

‘பலகையில ஒரு மாசம் படு’ என்பது பழைய யோசனை. நெதர்லாந்தில் 183 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 1999-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் படுக்கையில் இருந்தவர்களுக்கும், முடிந்த அளவு நடமாடியவர்களுக்கும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. 12 வாரத்தில் இரு தரப்பிலும் 87 சதவிகிதம் பேர் தேறியிருந்தார்கள். வலி உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாள் படுக்கலாம். பிறகு எழுந்து நடமாடுவதே நல்லது.

மருந்துக் கடையில் வலி மாத்திரையை வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவது ஆபத்து. வயிற்றுப் புண், ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது வேறு வினையைக் கொண்டுவரும். மருத்துவர் சொல்லும் அளவோடும் நாளோடும் நிறுத்துங்கள். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். ஆனால், மரத்துப்போன பாதத்தில் கொடுக்காதீர்கள். சூடு தெரியாமல் கொப்புளம் வந்துவிடும். சர்க்கரை நோயாளிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கடுமையான வலி இருக்கும்போது முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும், முறுக்கிச் சொடக்கு எடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

மெதுவான பயிற்சிகள்

மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

1. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். கீழ்முதுகைத் தரையோடு மெல்ல அழுத்தி, 5 விநாடி வைத்து விடுங்கள். 10 முறை.

2. குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, மார்பை மட்டும் உயர்த்துங்கள். இடுப்பு தரையிலேயே இருக்கட்டும். நிமிர்ந்து நின்றால் வலி கூடி, குனிந்தால் குறைகிற வயதானவர்களுக்கு இது பெரும்பாலும் ஒத்துவராது.

3. மல்லாந்து படுத்து, வலிக்கும் காலின் கணுக்காலை மறு முழங்காலின் மேல் வையுங்கள். கீழே இருக்கும் தொடையைக் கைகளால் மார்பை நோக்கி இழுத்து, 20 விநாடி பிடியுங்கள். 3 முறை.

4. நடை. முதலில் வீட்டு வாசலில் 5 நிமிடம், பிறகு 10, பிறகு 20. காரைக்கால் கடற்கரைக்குப் போனாலும் கால் புதையும் மணலில் வேண்டாம், சாலையிலேயே நடங்கள்.

ஒரு கணக்கை மட்டும் மறக்காதீர்கள். பயிற்சி செய்யும்போது கால் வலி மேலேறி இடுப்போடு நின்றால், நல்ல அறிகுறி. வலி கீழே கீழே இறங்கினால், அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள்.

அறுவை சிகிச்சை யாருக்கு?

ஒன்றரை மாதத்துக்கு மேலாக அவதிப்பட்டவர்களை வைத்து 2007-ல் வெளியான இன்னொரு நெதர்லாந்து ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஆனால், ஓராண்டு முடிவில் காத்திருந்தவர்களும் அதே அளவு தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் சுமார் 10-ல் 4 பேருக்குப் பின்னர் அறுவை தேவைப்பட்டது என்பதும் உண்மை. அதனால் பயந்து ஓடவும் வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம்.

ஆனால், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, இரு கால்களும் பலமிழந்தாலோ, பாதம் தூக்க வராமல் செருப்பு நழுவினாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். வெட்கப்பட்டு மறைத்தால் நிரந்தர பாதிப்பு வரலாம். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, கீழே விழுந்த பின் வந்த வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

வேலைக்குத் திரும்பும்போது...

நடவில் அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்துப் பின்னால் சற்று வளையுங்கள். மீன் கூடையை இரண்டு பேராகத் தூக்குங்கள். தனியாக என்றால், முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு அணைத்து எழுங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருப்பாதீர்கள். கல்லாவில் இருப்பவர் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று சில்லறை கொடுக்கலாம். வீட்டில் தண்ணீர்க் குடத்தை வேறொருவர் எடுக்கட்டும். வலி குறைந்ததும் பயிற்சியை விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அடுத்த நடவுக்கும் அதே இடுப்புதானே குனிய வேண்டும்!